எந்தக் கே?

கஸ்பார் ஐந்து ஐம்பதுக்கு எழுந்தான். அலாரம் வைத்திருந்தது ஆறு மணிக்கு. பத்து நிமிஷம் முன்னால் எழுந்து அதை அணைப்பது வழக்கமாகிவிட்டது. ஜன்னல் பலகைகளைத் திறந்தான். காபி போட்டுக் கிண்ணத்தில் ஊற்றினான். பொட்டலத்திலிருந்து இரண்டு துண்டு ரொட்டி எடுத்துச் சுட்டான். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் சதுர ரொட்டி. நான்கு மூலையும் ஒரே மாதிரி, பல்லுக்கு வேலை வைக்காதது. வீட்டுக்கு எதிரிலேயே ரொட்டிக் கடை இருக்கிறது. ஐந்து மாதமாக அவன் அங்கே போகவில்லை. ரொட்டிக்காரி யாரிடமோ சொல்லி வருத்தப்பட்டதாகக் கேள்வி. கோபம் ஒன்றுமில்லை. கால் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். பல் தேய்த்தான். சனிக்கிழமை என்பதால் முகம் மழிக்கவில்லை. பிறகு, இன்று வெளியூர் போகிறோம் என்று நினைவுக்கு வந்து மழித்தான். மேல்கோட்டின் வலது பையில் ஐந்து மீட்டர் அளவு நாடா இருந்தது. அவன் நில அளவையாளன். நாடா எப்போதும் இருக்கும். இடது பையில் கடிதம் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஊதா மையில், சாய்ந்த கையெழுத்தில், லியோனிலிருந்து.

"மொசியே, உங்கள் மனைவியின் நீலக் கோப்பு என்னிடம் இருக்கிறது. என் பெட்டிகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததை இப்போதுதான் பார்த்தேன். அதில் உங்கள் விலாசம் இருந்தது. அவர் மயங்கி விழுந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் கேயில் இருப்பேன். பச்சைப் பெட்டிகள். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மதாம் வியார்."

சொலேன் இறந்து ஐந்து மாதம். வயது இருபத்தொன்பது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார், அவன் கேட்காமலேயே, இரண்டு முறை.

அன்று காலை அவள் லியோனுக்கு வீடு பார்க்கப் போனாள். வாடகைக்கு. அவளுக்கு அந்த நகரத்தில் வேலை கிடைக்கும் போலிருந்தது. அவனுக்கு ஊரைவிட்டுப் போக விருப்பமில்லை. மூன்று வாரமாக அதே பேச்சு. கதவருகே நின்று கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னிக்கு ராத்திரி க்ளோதில்து வீட்டுலயே தங்கிட்டா என்னன்னு பாக்கறேன். இன்னிக்கு மட்டுமில்ல, கொஞ்ச நாளைக்கு." க்ளோதில்து அவளுடைய தோழி, லியோனில் இருப்பவள். கஸ்பார் "உன் இஷ்டம்" என்றான். அவள் போய்விட்டாள்.

மாலை நாலே முக்காலுக்கு அவள் கூப்பிட்டாள். "நான் கேயில இருக்கேன்" என்றாள்.

அவர்கள் ஊரில் கே என்றால் ஒரே அர்த்தம்தான்: ரயிலுக்குக் காத்து நிற்கும் நடைமேடை. ஊரில் இரண்டு கே. ஒன்றில் ரோவானுக்குப் போகும் வண்டி நிற்கும், இன்னொன்றில் எதிர்ப்பக்கம் போகும் வண்டி. நடைமேடையில் இருப்பவள் ரயிலேறப் போகிறவள். ரயிலேறப் போகிறவள் வீட்டுக்கு வருகிறவள். ஆறரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதும் அந்த நர்ஸ், "கேயிலிருந்து கொண்டுவந்தார்கள்" என்றுதான் சொன்னாள்.

அடக்கத்தின்போது க்ளோதில்து அழுதுகொண்டே கேட்டாள்: "தங்கறதா இல்லையான்னு சாயங்காலம் சொல்றேன்னா. எங்கிட்ட சொல்லவே இல்ல. உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" கஸ்பார் சொன்னான்: "கேயில இருந்தா." க்ளோதில்து தலையாட்டினாள். மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதமாக அவன் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான். அவள் வந்துகொண்டிருந்தாள்.

ஆனால் நடைமேடையில் ஒரு பெண்மணி பச்சைப் பெட்டிகளோடு என்ன செய்கிறார் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

*

ரோவானில் வண்டி மாறினான். லியோனில் பார்-தியூ என்ற ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கினார்கள், அவனும் இறங்கினான். இறங்கிய பிறகுதான் அந்த வண்டி இன்னும் ஒரு ஸ்டேஷன், பெராஷ் வரை போகும் என்று அறிவிப்பு கேட்டது. ஒரே ஊருக்கு இரண்டு ஸ்டேஷன். அவள் எதில் நின்றிருப்பாள்? அவன் கதவை நோக்கித் திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

சரி, இதிலேயே தேடலாம் என்று ஆரம்பித்தான். நடைமேடைகளுக்கு எண் இல்லை, எழுத்து. ஏ-யில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி, கடைசிவரை நடந்து, இறங்கினான். ஐந்து மாதமாக அவன் மனதில் ஒரு பெஞ்சு இருந்தது. மரப் பெஞ்சு, பின்னால் கடிகாரம். இங்கே எல்லாம் கம்பிப் பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சிலும் யாராவது உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சை நிறத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. பானம் விற்கும் இயந்திரம் ஒன்றும் பச்சை. அதற்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தான்.

"மொசியே."

சிவப்பு மேலங்கி போட்ட ரயில்வே ஊழியர் ஒருவர் பின்னால் நின்றிருந்தார். வயது நாற்பதிருக்கும். நல்ல தொந்தி.

"அரை மணி நேரமா பாத்துட்டே இருக்கேன். நீங்க எந்த வண்டியிலயும் ஏறல, எந்த வண்டியிலேருந்தும் யாரும் உங்களைத் தேடி இறங்கல. இப்ப மிஷினுக்குப் பின்னாடி எட்டிப் பாக்கறீங்க. எனக்கு பயமா இருக்கு."

"ஒருத்தரைத் தேடறேன். கேயில பெட்டி வச்சிருக்கறவங்க. பச்சைப் பெட்டி."

"இங்க பெட்டியத் தனியா விட்டுட்டு காபி குடிக்கப் போனாலே போலீஸ் வந்து சுத்தி கயிறு கட்டிடுவாங்க. பச்சையோ மஞ்சளோ."

கஸ்பார் கடிதத்தை நீட்டினான். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார். முதலில் சிரிக்கத் தொடங்கியவர் 'மயங்கி விழுந்தபோது' என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"எழுதினது லியோன்காரியா?"

"ஆமான்னு நெனைக்கிறேன்."

"அதான். இந்த ஊர்க்காரங்களுக்குக் கேன்னா ஆத்தங்கரை. தண்ணியோரமா கல்லு கட்டியிருக்கும் பாருங்க, அது. ரயில்ல வேலை பாக்கற எங்களுக்கு மட்டும்தான் நடைமேடை. நான் துலூஸ்காரன். வந்த புதுசுல ஒருத்தி எங்கிட்ட, சனிக்கிழமை கேயில பாக்கலாம்னா. நான் லீவு நாள்ல நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து இதே இடத்துல மூணு மணி நேரம் நின்னேன். அவ அங்க நின்னா. இப்ப அவ வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. பல் டாக்டர்."

"ஸ்டேஷன்லயும் இருக்கலாம் இல்லையா?" என்று கஸ்பார் கேட்டான். "அக்டோபர் பதிமூணு. சாயங்காலம். ஒரு பொண்ணு மயங்கி விழுந்திருக்கும்."

"சனிக்கிழமையா?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை டூட்டி எப்பவும் எனக்குத்தான், அது என் தலையெழுத்து. அந்த மாசம் முழுக்க இங்க விழுந்தது ஒரே ஒரு தாத்தா. அவரும் உடனே எழுந்து என்னைத் திட்டிட்டுப் போனாரு." பிறகு குரலை இறக்கினார். "பெராஷ்லயும் விழுந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க இல்ல மொசியே."

கஸ்பார் பெஞ்சில் உட்கார்ந்தான். நடைமேடை இல்லையென்றால் அவள் ஸ்டேஷனுக்கு வரவேயில்லை. நாலே முக்காலுக்கு ஆற்றங்கரையில் இருந்தவள் ஊருக்கு வரும் ஐந்து மணி வண்டிக்கு வந்திருக்க முடியாது. க்ளோதில்தின் வீடு ஆற்றுப் பக்கம்தானா? அதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் எதையும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை.

"ஆத்தங்கரைக்கு எப்படிப் போறது?"

"எந்த ஆறு?"

"எத்தனை இருக்கு?"

"ரெண்டு" என்றார் அவர். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரோடு ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு டீச்சர் கையை ஆட்டி அவரைக் கூப்பிட்டாள். "வெளிய போய் ஒண்ணாம் நம்பர் டிராம் பிடிங்க! பெராஷ் போற பக்கம்!" என்று கத்திவிட்டு ஓடினார்.

*

ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். ஒரு வாசலில் டிராம் இல்லை. இன்னொரு வாசலில் மூன்று டிராம் இருந்தது. கைபேசியில் 'கே' என்று தேடிப் பார்த்தான். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு கே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய மனிதரின் பெயர். மூடிவிட்டான்.

டிராமில் பக்கத்தில் சக்கரப் பை வைத்திருந்த ஒரு பெண்மணியிடம் கேட்டான். "மதாம், கே போகணும்னா எங்க இறங்கணும்?"

"எந்தக் கே?"

"தெரியல. பச்சைப் பெட்டி இருக்குமாம்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பச்சைப் பெட்டின்னா பாட்டில் போடற தொட்டியா? அது எங்க தெருவுலயே இருக்கே."

அப்போது டிராமுக்குள் பெண் குரல் அடுத்த நிறுத்தத்தைச் சொன்னது: கே க்ளோத் பெர்னார். பெயரிலேயே கே இருந்தது. கஸ்பார் எழுந்துகொண்டான். அந்தப் பெண்மணி, "இறங்குங்க, இறங்குங்க, போர்டுல எழுதியிருக்கறது போதாதா?" என்றார். அவன் இறங்கினான்.

ஆறு இருந்தது. நினைத்ததைவிடப் பெரியது. பச்சைத் தண்ணீர், வேகமாக, யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. படியிறங்கினால் கரையோரம் அகலமான நடைபாதை. ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரும் துரத்தவில்லை. படகுகள் கட்டிக் கிடந்தன. பெட்டிகள் இல்லை. எந்த இடத்தில் அவள் விழுந்திருப்பாள் என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். தரை எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருந்தது.

ஒரு மரத்தடியில் நாலு பேர் இரும்புக் குண்டு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு நின்றுபோய்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சின்ன மரக்குண்டுக்கு எது கிட்டம் என்பதுதான் வழக்கு.

"என்னுதுடா. கண்ணு தெரியுதா உனக்கு?"

"உன் கண்ணுக்கு உன் பொண்டாட்டியே அழகாத் தெரியறா. அதை நம்பச் சொல்றியா?"

"அவளை இதுல இழுக்காத. போன வாரமும் இப்படித்தான் காலால தள்ளின."

கஸ்பார் நின்றான். கை தானாகப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தது. யாரும் கேட்கவில்லை. மண்டியிட்டு இரண்டு பக்கமும் அளந்தான். "இது இருபத்திமூணு புள்ளி நாலு. அது இருபத்திமூணு புள்ளி ஒண்ணு. அதான் கிட்ட."

நாலு பேரும் அவனைப் பார்த்தார்கள். ஜெயித்தவர், தொப்பி போட்ட ஒல்லி மனிதர், ஓடிவந்து அவன் தோளில் தட்டினார். "ஆண்டவன் அனுப்பிச்ச ஆளு! யாருப்பா நீ?"

"நில அளவையாளன்."

"சட்டப்படி செல்லும்! கேட்டுக்கிட்டியா ஃபெர்னான்? அரசாங்க முத்திரை!" பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் குரல் மாற்றினார். "என்ன தேடறே தம்பி?"

கஸ்பார் கடிதத்தைக் கொடுத்தான். நாலு தலைகள் அதன்மேல் குனிந்தன.

"பச்சைப் பெட்டின்னா பழைய புத்தகக்காரங்க. மதில்மேல பெட்டி வச்சு விப்பாங்களே. ஆனா அது சோன்" என்றார் தொப்பிக்காரர். "இது ரோன்."

"எது?"

"இது ரோன், அது சோன். தப்பான ஆத்துக்கு வந்திருக்க. ரோன் ஆம்பள, நேராப் போவான், பெலமாப் போவான், பேசமாட்டான். சோன் பொம்பள, வளைஞ்சு வளைஞ்சு வருவா, அவசரமே கிடையாது."

"உங்கிட்ட யாரு கேட்டா இதெல்லாம்" என்றார் ஃபெர்னான். "தம்பி, பாலத்தைத் தாண்டு. வெள்ளைக் கோயில் வச்ச மலை ஒண்ணு தெரியும். அதை மூக்குக்கு நேரா வச்சுக்கோ. சோன் அதோட காலடியில ஓடுது. அங்க போயி வலது பக்கம் நட. நில அளக்கறவனுக்கு இது போதாதா?"

*

போதவில்லை. பாலத்தைத் தாண்டினான். மலை தெரிந்தது, வீடுகள் அதை மறைத்தன, வேறு தெருவில் திரும்பினால் மறுபடி தெரிந்தது, அதற்குள் அது இடது பக்கம் போயிருந்தது. பெல்கூர் என்ற பெரிய மைதானத்துக்கு வந்தான். செம்மண் தரை, நடுவில் குதிரைமேல் ஒரு ராஜா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி நடந்தான். எந்தத் தெருவில் வந்தோம் என்று மறந்தது. கூட்டம் போன பக்கம் அவனும் போனான். தெரு நீளமாக இருந்தது. முடிவில் மரங்களும் வெளிச்சமும் தெரிந்தன. தண்ணீர்.

பச்சைத் தண்ணீர், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் தூரத்தில் மரங்கள், அடியில் சின்னச் சின்ன உருவங்கள், அவற்றில் ஒன்றுக்குத் தொப்பி. ரோன்.

கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தினமும் வயல்களில் கோணம் பார்த்து வரப்பு போடுகிறவன். ஒரு எலும்புத் துண்டைப்போல் இரண்டு ஆற்றுக்கு நடுவில் கிடக்கும் இடத்தில் ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கம் போகத் தெரியவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பு என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் நாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

அவள் இங்கே எப்படி நடந்திருப்பாள்? சொலேனுக்கு வழி தவறுவதில் பயம் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை காரில் போகும்போது, அவன் வரைபடத்தை விரித்தபடி, "நாம எங்க இருக்கோம்னே தெரியல" என்றான். அவள், "நாம கார்ல இருக்கோம்" என்றாள். அப்படித்தான் பேசுவாள். கேட்டதற்குப் பதில் போலவே இருக்கும், உபயோகம் இருக்காது. நான் கேயில இருக்கேன்.

இந்த முறை மலை மறைந்த இடத்திலெல்லாம் நின்று, அது தெரிந்த பிறகே நடந்தான். இருபது நிமிஷத்தில் இன்னொரு தண்ணீர் வந்தது. பழுப்பு நிறம், மெதுவானது, போகிறதா நிற்கிறதா என்றே தெரியாதது. சோன். கரையோரம் காய்கறிச் சந்தை கலைந்துகொண்டிருந்தது. ஒருவன் கோழி வறுக்கும் அடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். மிஞ்சிய கீரையை ஒருத்தி, "எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்க, வீட்டுக்கு இதைத் தூக்கிட்டுப் போனா என் புருஷன் என்னை விட்டுட்டுப் போயிடுவான்!" என்று கூவிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் நடந்தான். சந்தை முடிந்தது. ஒரு பாலத்தைத் தாண்டியதும் கல் மதில்மேல் வரிசையாகப் பெட்டிகள், மூடி திறந்து, உள்ளே பழைய புத்தகங்களோடு. எல்லாம் பச்சை.

*

நாலாவது பெட்டியருகே மடக்கு நாற்காலியில் ஒரு பெண்மணி. அறுபது வயது, ஆண்கள் போடும் மேல்கோட்டு, வாயில் எரியாத சிகரெட். ஒரு வாடிக்கையாளனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"படிச்சு முடிச்சாச்சா? முடிஞ்சா சொல்லுங்க, முடிவு என்னன்னு. எனக்கும் அந்தப் புத்தகத்தைப் படிக்க நேரமே கிடைக்கல."

வாடிக்கையாளன் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனான். அவர் கஸ்பாரின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு? புத்தகமா, போஸ்ட் கார்டா, இல்ல சும்மா காத்து வாங்கவா?"

"நீலக் கோப்பு."

அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். "உட்காருங்க. காலையிலேருந்து பாத்துட்டிருக்கேன். சந்தை நேரத்துலயே வருவீங்கன்னு நெனச்சேன். எங்க இருந்தீங்க?"

"ஸ்டேஷன்ல. அப்புறம் ரோன்ல. ரெண்டு தடவை."

"ஸ்டேஷன்லயா? அங்க என்ன வேலை?"

"கேன்னு எழுதியிருந்தீங்க."

மதாம் வியார் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கடவுளே. நாப்பது வருஷம் இங்கயே உட்கார்ந்து உலகத்துல வேற கேயே இல்லன்னு ஆயிடுச்சு எனக்கு. மன்னிச்சுக்குங்க. நான் எழுதற கடுதாசிக்கு ஒரு வழிகாட்டியும் சேத்து அனுப்பணும்."

பெட்டிக்கு அடியிலிருந்து கோப்பை எடுத்தார். அட்டைக் கோப்பு, இரண்டு மூலைக்கு ரப்பர் பட்டை, ஈரம் பட்டுக் கொஞ்சம் உப்பியிருந்தது. கஸ்பார் திறந்தான். வீடு வாடகைக்குக் கேட்கும் விண்ணப்பம். மேல் வரியில் பேனாவால் சொலேனின் பெயர். அதற்குக் கீழே 'உடன் குடியிருப்பவர்' என்ற இடத்தில் அவனுடைய பெயர், பென்சிலால். அழிக்கிற மாதிரியும் இருந்தது, மேலே பேனாவால் எழுதப்போகிற மாதிரியும் இருந்தது. அவன் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தான். பென்சில் பென்சிலாகவே இருந்தது.

"எந்த இடத்துல?" என்று கேட்டான்.

"இதோ. மதில்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தா. உங்க நாற்காலிக்கு ரெண்டு எட்டு தள்ளி."

அவன் அந்த இடத்தைப் பார்த்தான். கல். ஒரு புறா.

"மதாம், ஒண்ணு கேக்கணும். அவ ஸ்டேஷனுக்குப் போற மாதிரி இருந்தாளா? வண்டியைப் பத்தி, நேரத்தைப் பத்தி ஏதாவது சொன்னாளா? இல்ல இங்க யார் வீட்டுக்காவது போற மாதிரி?"

மதாம் வியார் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது போலிருந்தது. சொல்லவில்லை.

"வண்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. காளான் வகைகளைப் பத்தி ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டினா. வாங்கல. மணி கேட்டா. சொன்னேன். அப்புறம் போன்ல பேசினா, கொஞ்ச நேரம்தான். அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துட்டிருந்தா. தலைய வலிக்குதுன்னா. நான் தெர்மாஸ்ல இருந்து காபி ஊத்தறதுக்குத் திரும்பினேன். திரும்பிப் பாத்தா சாஞ்சிருந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டேன். தீயணைப்புக்காரங்க ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷத்துல வந்துடுச்சு. அவ கண்ணைத் திறக்கல. பேசல." நிறுத்தினார். "அவ்வளவுதான் மொசியே. உங்களுக்குப் பெரிசா ஏதாவது சொல்லணும்னு எனக்கும்தான் இருக்கு. ஒண்ணுமில்ல."

கஸ்பார் தலையாட்டினான். கோப்பை மூடி ரப்பர் பட்டையை மாட்டினான். ஒரு பக்கம் மாட்டியது, மறுபக்கம் அறுந்தது. அப்படியானால் அவள் வந்துகொண்டிருந்தாளா என்று தெரியப்போவதில்லை. ஐந்து மாதம் தெரியும் என்று நினைத்திருந்தது இனிமேல் தெரியாது. அவன் எழுந்தான்.

"இருங்க" என்றார் மதாம் வியார். சிகரெட்டைப் பற்றவைத்தார், இரண்டு தீக்குச்சி வீணானது. "இன்னொண்ணு இருக்கு. அதனாலதான் தபால்ல அனுப்பல. நேர்ல சொல்லணும்னு."

"என்ன?"

"அவகிட்ட ஒரு நீள ரொட்டி இருந்துச்சு. பையிலேருந்து நீட்டிக்கிட்டு. அந்த சந்துல ஒருத்தன் சுடறான், நல்ல ரொட்டி. முனையை மட்டும் கடிச்சிருந்தா. பையை அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க, ரொட்டி இங்கயே விழுந்து கிடந்துச்சு. குப்பையில போட மனசு வரல. ஒரு மனுஷி ஆசையா வாங்கின ரொட்டி. வாத்துக்குப் போடலாம்னு பாத்தேன், அதுவும் முடியல." அவர் ஆற்றைப் பார்த்தார். "நான்தான் சாப்பிட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, ராத்திரிக்கு சூப்போட. உங்க ரொட்டி. அஞ்சு மாசமா தொண்டையில நிக்குது."

கஸ்பார் அவரைப் பார்த்தான். "முனையைக் கடிச்சிருந்தாளா?"

"கடிச்சிருந்தா."

சொலேன் வீட்டுக்கு முழு ரொட்டி கொண்டுவந்ததே கிடையாது. எதிர்க்கடையிலிருந்து தெருவைத் தாண்டுவதற்குள் முனை போய்விடும்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"என்னது?"

"ரொட்டி."

"ஓரம் கொஞ்சம் காஞ்சிருந்துச்சு" என்றார் மதாம் வியார். "ஆனா நல்லா இருந்துச்சு."

அவன் மறுபடி உட்கார்ந்தான். ஒரு படகு போனது. அலை வந்து கல்லில் தட்டியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்திருந்தது. போனில் கேட்டிருக்கிறான். ரயில் சத்தம் என்று நினைத்திருந்தான்.

அன்று நாலே முக்காலுக்கு அவன் ஏணியில் நின்று கூரை ஓரத்துத் தகரக் குழாயிலிருந்து இலை அள்ளிக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தான். "நான் கேயில இருக்கேன்" என்றாள். "சரி" என்றான். பேச்சு முடிந்துவிட்டது என்று, ஈரக் கையால் அணைக்கப் போனான். போன் காதிலிருந்து பாதி தூரம் வந்திருந்தது. அப்போது அதிலிருந்து இன்னும் கொஞ்சம் குரல் வந்தது. சின்னதாக, ஞாபகம் வைத்துக்கொள்ள எதுவுமே இல்லாத மாதிரி. அவன் அதற்கும் "சரி" என்றான். இறங்கி வந்து கை கழுவினான், தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போகவில்லை.

"கஸ்பார், நீ ரொட்டி வாங்காத. நான் வாங்கிட்டேன்."